விட்டுப்போன அரை

1996 ஆகஸ்ட் 19, திங்கள்

என் கட்டுரையை சார் இன்று திருப்பிக் கொடுத்தார். கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து அவர் மேசையில் கிடந்தது. மேலட்டையில் டீ டம்ளர் வைத்த வட்டம் இருக்கிறது. உள்ளே எங்கும் ஒரு கோடு கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், என் விடையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் ‘2?’.

“ரெண்டு மடங்கு எப்படிம்மா வரும்? புரோட்டானுக்குள்ள எல்லாம் சீராத்தான் பரவிக் கிடக்கும். அது என்ன, கிண்டாத உப்புமாவா, அங்கங்க கட்டி பிடிச்சுக் கிடக்க?”

கூட நின்ற எம்.எஸ்ஸி. பிள்ளைகள் சிரித்தார்கள். பேராசிரியர் குழந்தைவேலு நகைச்சுவை சொன்னால் சிரித்தாக வேண்டும், இன்டர்னல் மார்க் அவர் கையில். நானும் அந்த வயதில் சிரித்திருக்கிறேன். அப்போது அவர் எனக்கு கைடு இல்லை.

சரி, இரண்டு எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு வரியாவது போட்டுப் பார்த்தாரா? பார்க்கவில்லை. அவருக்குப் பழக்கமில்லாத விடை, அவ்வளவுதான். ‘2?’ என்று எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

ஆகஸ்ட் 21, புதன்

முழுக்க மறுபடி போட்டுப் பார்த்தேன். தவறு இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

லூர்து பிரகாஷ் எங்கள் செக்காலை வீட்டுக்கு வந்தான். எனக்கு ஒரு வருடம் இளைய ஆராய்ச்சி மாணவன். துறையில் என்னோடு பேசினால் சாருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் பேசுகிறவன். ஃப்ளாப்பியில் என் புரோகிராமின் நகல் ஒன்று அவனிடம் இருக்கட்டும் என்று கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, “இம்புட்டூண்டு தகட்டுக்குள்ள அப்படி என்னதாம்ப்பா இருக்கு? இவ சொன்னா எனக்கு வெளங்க மாட்டேங்குது” என்றார்.

பிரகாஷின் அப்பா புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் கணக்குப்பிள்ளை. அவனுக்கு உலகத்தில் எதுவும் நெல்லில்தான் தொடங்கும்.

“ஐயா, ரெண்டு நெல்லு மூட்டைய எதிரெதிரா வேகமா எறியிறோம்னு வைங்க. மூட்டைதான் புரோட்டான். உள்ள கெடக்குற மணிதான் பார்ட்டான். பெரும்பாலும் இங்குட்டு உள்ள ஒரு மணி அங்குட்டு உள்ள ஒரு மணியில முட்டும், தெறிக்கும். எப்பவாச்சும் ஒரே மோதல்ல ரெண்டு ஜோடி முட்டிக்கிரும். அது எத்தனை தடவை நடக்கும்னுதான் அக்கா கணக்குப் போடுறாக.”

“அது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

“மூட்டையப் பிரிக்காமலே உள்ள நெல்லு எப்படிக் கெடக்குன்னு தெரிஞ்சிரும்ல? சீராக் கெடந்தா ரெட்டை மோதல் கொறச்சலா நடக்கும். ஈரம் பட்டுக் கட்டி பிடிச்சிருந்தா, ஒண்ணு முட்டுற இடத்துலயே பக்கத்து மணியும் சேந்து முட்டும். கூடுதலா நடக்கும்.”

அப்பச்சி என்னைப் பார்த்தார். “அப்ப நீ கட்டிங்குறே. உங்க சாரு சீருங்குறாரு.”

“ஆமா அப்பச்சி. சீரா இருந்தா வர வேண்டியதுல ரெண்டு மடங்கு எனக்கு வருது.”

“நேரா அளந்து சொல்ல ஆளில்லையா?”

“அமெரிக்காவுல அளந்துக்கிட்டு இருக்காக.”

“அப்ப அவுக சொல்லட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சாப்பிடுங்க.”

பங்குனியில் ஆத்தா காலமானதிலிருந்து சமையல் அப்பச்சிதான். வெள்ளைப் பணியாரம் ஊற்றியிருந்தார். நடுவில் வேகவில்லை. நானும் பிரகாஷும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

டிசம்பர் 11, புதன்

சார் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நல்ல விஷயத்துக்கு யாரும் கதவைச் சாத்தச் சொல்வதில்லை.

“கட்டியத் தூக்கிப் போடு. சீரான புரோட்டானுக்குப் போட்டு, ஒரு பேப்பர் ஆக்கி அனுப்பிட்டு, தீசிஸக் குடுத்துட்டுப் போ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சீரான புரோட்டானுக்கு அவரே பத்து வருடத்துக்கு முன் போட்டுவிட்டார். அதையே நான் மறுபடி போட்டு, ‘பேராசிரியர் சொன்னது சரி’ என்று எழுத வேண்டும். அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

முடியாது என்றேன். அச்சில் ஒரு பேப்பராவது வராமல் தீசிஸ் வாங்க மாட்டார்கள் என்று நினைவுபடுத்தினார். ஃபெல்லோஷிப் வருகிற ஆடியோடு முடிகிறது என்றும் நினைவுபடுத்தினார். எனக்கு இதெல்லாம் மறந்து போயிருக்கும் என்று நினைத்தார் போலும்.

“சார், என் கணக்குல தப்பு இல்ல” என்றேன்.

“இந்த வார்த்தைய நல்லா ஞாபகம் வச்சுக்க” என்றார்.

வச்சுக்கிறேன். நல்லாவே வச்சுக்கிறேன்.

1997 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆத்தா இல்லாத வருடம், வைக்கவில்லை. துறை விடுமுறை. சார் முகத்தில் விழிக்காமல் இருந்ததே பண்டிகை.

மார்ச் 3, திங்கள்

துறையில் இருக்கும் ஒரே நல்ல கம்ப்யூட்டரில் எனக்கிருந்த நேரத்தைப் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘சிகப்பியின் வேலை முடிந்துவிட்டது’ என்று சார் குறிப்பு எழுதியிருக்கிறாராம். பிரகாஷ் தன் நேரத்தில் பாதியை எனக்குத் தருகிறான். அவன் கணக்கு பாதியில் நிற்கிறது.

நேற்று ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா முறை ஒருவர் பிடித்துக்கொண்டார். “என்னத்தா, கல்யாணத்தையும் காணோம், படிப்பும் முடிஞ்ச பாடில்ல. அப்படி என்னத்தத்தான் படிக்கிறே?” புரோட்டான் என்றேன். “அது எந்த ஊரு கம்பெனி?” என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதனால் கோபம் கூட வரவில்லை. முப்பத்தொரு வயதில் எனக்குக் கோபப்படவும் சரியான ஆள் கிடைப்பதில்லை, ஒருவரைத் தவிர.

மே 5, திங்கள்

வந்துவிட்டது. வந்துவிட்டது!

பிரகாஷ் ஓடி வந்தான், கையில் இன்னும் மை காயாத பிரிண்ட். அமெரிக்காவில் மோதல் கூடத்தில் அளந்தவர்களின் கட்டுரை. அவர்கள் அளந்தது நான் போட்டதற்குக் கொஞ்சம் வேறான வகை மோதல். ஆனாலும் அதிலிருந்து எங்களுக்கு வேண்டியதை எடுத்துவிடலாம். எடுத்தோம். நான் ஒரு தாளில், பிரகாஷ் ஒரு தாளில். சீரான புரோட்டானில் வர வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு!

படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பிரகாஷ் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே நின்றான். வீட்டுக்கு வந்து அப்பச்சியிடம் “கட்டிதான் அப்பச்சி” என்றேன். “நான்தான் அன்னைக்கே நெனச்சேனே” என்றார். அவர் அன்றைக்கு நினைத்ததெல்லாம் பணியாரத்தைப் பற்றித்தான்.

மே 7, புதன்

“வாங்க சிகப்பி, உக்காருங்க.”

ஐந்து வருடத்தில் முதல் முறை ‘ங்க’. முதல் முறை நாற்காலி. டீ வரவழைத்தார். டம்ளரை வைக்கும்போது அது நான் கொண்டுபோயிருந்த பழைய கட்டுரையின் மேல் படாமல் தள்ளி வைத்தார்.

“நம்ம கணக்கு அப்படியே ஒத்துப்போகுது பாத்தீங்களா” என்றார்.

நம்ம.

கம்ப்யூட்டர் நாளையிலிருந்து முழு நேரமும் எனக்கு.

மே 23, வெள்ளி

கட்டுரையை அவரே எழுதிவிட்டார். ஆங்கிலம் எனக்கு வராதாம். பெயர்கள்: கு. குழந்தைவேலு, வ. சிகப்பி. அகர வரிசைதான் இந்தத் துறையின் வழக்கம் என்றார். வழக்கம்தான், மறுக்கவில்லை. அ, ஆ-வில் பெயர் வைக்காதது ஆத்தாவின் குற்றம்.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘புரோட்டானுக்குள் பார்ட்டான்கள் சீராக இல்லாமல் திரண்டிருக்கக்கூடும் என எங்களில் ஒருவர் (கு.) முன்பே ஊகித்தபடி…’

மூன்று தடவை படித்தேன். கிண்டாத உப்புமா என்று ஊகித்தார். ஆமாம், அது ஊகம்தான்.

பேசாமல் இருந்தேன். பேப்பர் வரட்டும், தீசிஸ் போகட்டும், அப்புறம் இந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். கட்டுரைக்குப் படங்கள் புதிதாகப் போட வேண்டும். ஜூன் நடுவில் அனுப்புகிறார்.

ஜூன் 8, ஞாயிறு

அப்பச்சியின் ஊரான நெற்குப்பை போய் வந்தோம். எங்கள் ஆட்களின் நகரக் கோயிலில் குடமுழுக்கு வருகிறது, அதற்கு வரி போடப் புள்ளிக் கணக்கு எடுத்தார்கள். கல்யாணமானவர்கள் ஜோடிக்கு ஒரு புள்ளி. கல்யாணமாகாத எனக்குப் புள்ளி கிடையாது. உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

கணக்கு வாசித்தவர் பெரியகருப்பன் செட்டியார். “வயிரவன்… போன தடவை ஒண்ணு” என்று நிறுத்திக் கண்ணாடிக்கு மேலே அப்பச்சியைப் பார்த்தார். “இந்தத் தடவை அரை.”

அப்பச்சி தலையசைத்தார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் முகமெல்லாம் எரிந்தது. நாற்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதன், பெண்டாட்டி செத்ததும் அரை மனிதனா? பஸ்ஸில் அதைச் சொல்லியே விட்டேன், சத்தமாகவே.

அப்பச்சிக்கு என் கோபம் புரியவில்லை. “இதுல என்னத்தா இருக்கு? புள்ளி ஜோடிக்குத்தான். என்னையும் ஒண்ணுன்னு எண்ணி, உங்க ஆத்தாளையும் ஒண்ணுன்னு எண்ணுனா, ஒரே வீட்ட ரெண்டு தடவை எண்ணுனதா ஆயிரும்ல? எம் பக்கமிருந்து ஒரு தடவை, அவ பக்கமிருந்து ஒரு தடவை. அதுனால ஆளுக்கு அரை. அவ தன் அரையக் கொண்டுக்கிட்டுப் போயிட்டா” என்று சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

நான் டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் நான் சமாதானமாகிவிட்டதாக நினைத்திருப்பார்.

ஒரே ஜோடியை இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை.

இல்லை. இருக்காது. நாளைக்குப் பார்க்கிறேன். முருகா, இருக்கக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

இருக்கிறது.

எழுதி வைக்கிறேன், நானே பின்னால் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளாமல் இருக்க. ரெட்டை மோதலில் இரண்டு முட்டல். என் புரோகிராம் ‘முதலில் இது, அடுத்து அது’ என்று ஒன்றும், ‘முதலில் அது, அடுத்து இது’ என்று ஒன்றும் எண்ணுகிறது. இரண்டு முட்டலும் வேறு வேறு வகையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, எது எதுவென்று தெரியும். நான் சூத்திரத்தை எடுத்த பழைய கட்டுரையில் அப்படித்தான். ஆனால் நான் போட்டது இரண்டும் ஒரே வகை. அப்போது அது இரண்டு நிகழ்ச்சி இல்லை, ஒன்றுதான். முன்னால் ஓர் அரை போட வேண்டும். போடவில்லை. சாரின் பழைய கணக்கில் அந்த அரை ஒழுங்காக இருக்கிறது. என்னுடையதில் இல்லை. அதுதான் இரண்டு மடங்கு.

கட்டி பிடித்ததற்கான தொகையிடலை எத்தனை முறை சரிபார்த்தேன்! அது முழுக்கச் சரி. அதற்கு முன்னால் அந்த அரை நிற்க வேண்டிய இடத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

அரையைப் போட்டு ஓட்டினேன். கட்டியினால் கூடுவது நூற்றுக்கு நான்கு. அவ்வளவுதான். அளந்தவர்கள் சொல்லும் இரண்டு மடங்கு உண்மை. அதற்குக் காரணம் வேறு ஏதோ, அல்லது நான் நினைத்ததைவிட மிகவும் இறுகிய கட்டி. என் கணக்கு அதைச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. தவறான வழியில் போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

ஐந்து வருடம்.

ஜூன் 10, செவ்வாய்

பிரகாஷிடம் மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அக்கா, யாரும் கண்டுபிடிக்க மாட்டாக. விடை ஒத்துப்போற கணக்க யாரு தோண்டப்போறா? பேப்பர் வரட்டும், தீசிஸ் குடுங்க. பெறகு மெதுவாத் திருத்திக்கிரலாம்.”

அவன் கெட்டவன் இல்லை. என்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறான். நானும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆடி வரப்போகிறது. பெயர் அச்சில் வரப்போகிறது. இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அந்த எண் தப்பு. தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு அதன் பக்கத்தில் என் பெயர் எப்படி நிற்கும்? நிற்கும்தான், அச்சுக்கு என்ன தெரியும். நான் எப்படி நிற்பேன்?

நாளை சாரிடம் சொல்கிறேன். ஒரு சின்ன ஆறுதல், ‘2?’ என்று கேட்டவர் அவர்தான். கேள்வி சரி. அதையாவது அவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஜூன் 11, புதன்

பழைய கட்டுரையைக் கொண்டுபோய், சிவப்புச் சுழி போட்ட பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

“சார், ரெண்டு எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்கள்ல. நீங்க கேட்டது சரிதான். அரை விட்டுப்போச்சு. ஒரே வகை மோதல், ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்.”

தன் கையெழுத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“அது அளவீடு வர்றதுக்கு முன்னாடி எழுதுனது.”

“அளவீடு சரி சார். நம்ம கணக்குதான் தப்பு. அரையப் போட்டா கட்டியினால பெருசா ஒண்ணும் கூடல.”

“எண்ணு ஒத்துப்போகுதா, இல்லையா?”

“ஒத்துப்போகுது. ஆனா…”

“அப்புறம் என்ன ஆனா? இந்த அரைய ஒவ்வொருத்தன் ஒவ்வொரு இடத்துல வப்பான். சில பேரு சூத்திரத்துக்குள்ளயே அடக்கியிருவான். அதெல்லாம் உனக்குத் தெரியாது.” மறுபடி ‘நீ’. “தப்பு இல்ல, தப்பு இல்லன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னது யாரு? ஞாபகம் வச்சுக்கன்னு சொன்னேனா இல்லையா? நான் இறங்கி வந்து ஒத்துக்கிட்ட பெறகு தப்புங்குறே. நாளைக்கு என்ன சொல்லுவே?”

ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வரியில் எழுதிக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் நான் சரி என்றபோது நம்பாதவர், இந்த வருடம் நான் தப்பு என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். இரண்டு தடவையும் கணக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

வாயில் வந்துவிட்டது: “அப்படின்னா என் பேர எடுத்துருங்க சார்.”

திடுக்கிடுவார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டவளே பெயர் வேண்டாம் என்கிறாள், அனுப்பப் பயப்படுவார், நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் சொன்னேன். என்ன மடத்தனம்!

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “உன் இஷ்டம். அப்புறம் நான் எடுத்துட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது.”

கதவு திறந்தேதான் இருந்தது. பிரகாஷும் இன்னும் இருவரும் வெளியே நின்றார்கள். கேட்டிருப்பார்கள்.

ஜூன் 12, வியாழன்

கட்டுரை போய்விட்டது. ஒரே பெயரில். நன்றி சொல்லும் பத்தியில் கூட நான் இல்லை. பிரகாஷ் பார்த்துச் சொன்னான்.

அது சரி, வேண்டாம் என்றது நான்தானே.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஃபெல்லோஷிப் முடிந்தது. மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்க ஆள் வேண்டுமாம். போய்ப் பார்த்தேன், ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “கோவப்படுவீகளா?” இல்லை என்றேன். வேலை கிடைத்தது.

அப்பச்சி ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து வைத்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

பேப்பர் ஏற்கப்பட்டதாம். துறை வாசலில் சாருக்குப் பேனர். பள்ளிக்கு அந்த வழியாகத்தான் பஸ். இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியாது.

டிசம்பர் 19, வெள்ளி

வடக்கே நடந்த மாநாட்டுக்குச் சாரோடு போன பிரகாஷ் இன்று வந்தான். செய்தியைச் சொல்ல வந்தவன், முதலில் அப்பச்சி கொடுத்த முறுக்கை முழுசாகத் தின்று முடித்தான். பயம்.

சார் நன்றாகப் பேசினாராம். கைதட்டினார்களாம். கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு வங்காளத்து அம்மாள், ஆராய்ச்சி மாணவி போன்ற வயதுதான், எழுந்து கேட்டாளாம்: இரண்டும் ஒரே வகை மோதலாயிற்றே, முன்னால் வர வேண்டிய அரை எங்கே?

“சார் என்ன சொன்னாரு?”

“சூத்திரத்துக்குள்ளயே அடங்கியிருக்குன்னாரு. அந்தம்மா போர்டுக்கே வந்து எழுதிக் காமிச்சிருச்சு. ரெண்டே வரி. நீங்க எழுதுன அதே ரெண்டு வரி அக்கா. பெறகு சாரு… எண் கணக்கெல்லாம் என் பழைய மாணவி ஒருத்தி போட்டது, நான் நம்பி எடுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டாரு.”

“நீ எந்திரிச்சு ஒண்ணும் சொல்லலையா?”

அவன் முறுக்குத் தட்டை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தான். அவன் தீசிஸ் இன்னும் கையெழுத்துக்கு நிற்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

யாரோ ஒருத்தி, ஊர் பேர் தெரியாதவள், என் பேச்சைக் கேட்காத மனிதனை இரண்டே வரியில் கேட்க வைத்துவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

1998 ஜனவரி 22, வியாழன்

சார் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். திருத்தம் அனுப்ப வேண்டுமாம். அரை போட்ட எண்கள் வேண்டுமாம். ‘நீங்க’ திரும்பி வந்துவிட்டது.

முடியாது என்று வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும். ஆனால் தப்பான எண் ஒன்று அச்சில் கிடந்து, அதைப் பார்த்து வேறொருவன் இன்னொரு கணக்குப் போடுவானே என்று மனசு கேட்கவில்லை. பிரகாஷின் ஃப்ளாப்பியிலிருந்து எடுத்து, பள்ளிக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஓட்டி, ஜூன் தேதி போட்ட என் பழைய தாளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். அந்தத் தேதியைப் பார்த்தாவது நான் முன்பே சொன்னதை எழுதுவார் என்று ஒரு நப்பாசை.

எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பள்ளி விட்டு வந்தபோது பிரகாஷ் வாசலில் நின்றான், கையில் ஒரு ஜெராக்ஸ். ஆய்விதழில் திருத்தம் வந்துவிட்டது. ஐந்தே வரி. கடைசி வரிக்கு முந்தைய வரி: ‘எண் கணக்கீட்டைச் செய்த வ. சிகப்பி, ஒரே வகை மோதல்களுக்கான அரை என்ற காரணியைச் சேர்க்கத் தவறிவிட்டார்.’ கடைசி வரி: ‘ஆசிரியர் இதற்காக வருந்துகிறார்.’

கட்டுரையில் இல்லாத பெயர் பிழைதிருத்தத்தில் இருக்கிறது. இயற்பியல் உலகத்தில் என் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் முறை.

பிரகாஷ் சிரிக்க வைக்கப் பார்த்தான். “அக்கா, பேருதான் அச்சுல வந்துருச்சுல்ல. இத வச்சுத் தீசிஸ் குடுக்கலாமான்னு கேட்டுப் பாப்போமா?” சொல்லிவிட்டு அவனுக்கே கண் கலங்கிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்க வரும், என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். “சிகப்பின்னு போட்ருக்கே!” என்று முகம் மலர்ந்து போனது. பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்குச் சட்டையை எடுத்துவிட்டார். அந்த மலர்ச்சியோடு போக விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

சட்டையை மடித்து வைத்தார்.

“அரைய விட்டது நீதானே?”

“நான்தான் அப்பச்சி.”

“விட்டுப்போச்சுன்னு நீயே போய்ச் சொன்னேல்ல? அனுப்புறதுக்கு முன்னாடியே?”

“சொன்னேன்.”

“சொல்லியும் கேக்காம அனுப்புனாரே, அத எங்க போட்ருக்கு?”

“போடல.”

அப்பச்சி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது. “அப்ப இதுலயும் பாதிதான் இருக்கு” என்று என்னிடமே கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் காபிக்குப் பால் வைத்தார்.

இதை எழுதும்போதும் அழுகிறேன். கோபம் போகவில்லை. போக வேண்டாம், இருக்கட்டும். நாளை சனிக்கிழமை, பள்ளி இல்லை. அந்த இரண்டு மடங்கு எங்கிருந்துதான் வருகிறது என்று, அரையோடு, முதலிலிருந்து போட்டுப் பார்க்கப் போகிறேன்.